தில்லைக் கட்டை

முகைதீன்பாவா காக்காவின் வலது காலில் முதிரை மரம் உருண்டு ஏறியது தை மாதக் கடைசியில். உலகச் சண்டைக்காக வந்திறங்கிய பட்டாளத்துக்காரர்களின் கொட்டில்களுக்குப் பலகை அவசரம் என்று கொந்தராத்துக்காரர் எங்களை நெருக்கிய நாட்கள் அவை. மரம் அரியும் பள்ளத்துக்கு மேலே நின்று வாளின் மேல்பிடியை அவர் பிடிப்பார். பள்ளத்துக்குள் நின்று கீழ்ப்பிடியை நான் பிடிப்பேன். பதினொரு வருடம் அப்படித்தான். தூள் முழுக்கக் கீழே நிற்பவன் தலையில் கொட்டும். கண்ணுக்குள் போனால் கரிக்கும், சிவக்கும், மறுநாள் சரியாகிவிடும். கண்ணைப் பற்றி எங்கள் தொழிலில் நாங்கள் அறிந்திருந்தது அவ்வளவுதான்.

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் ஒரு மாதம் கிடந்து காக்கா திரும்பி வந்தார். காலை வெட்டவில்லை. ஆனால் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, காய்ந்த இஞ்சிக் கிழங்கு போலச் சுருங்கிப்போயிருந்தது. கம்பு ஊன்றி வளவைச் சுற்றி வரலாம். மரத்தின் மேல் ஏறி நிற்க ஏலாது. பள்ளத்துக்கு வேறொரு மேலாள் வந்தான். நான் அவனோடு அரியத் தொடங்கினேன்.

காத்தான்குடியில் ஆற்றங்கரைப் பக்கம் அவர்களுடைய வளவு. முன்வீடு மகள் ஸகியாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. எங்கள் ஆரையம்பதியிலும் அதுதான் வழமை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பான், பெற்றவர்கள் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்கியவர்களின் அடுப்புத் தனியாக எரியும்வரை மரியாதைக்குக் குறைவில்லை. மருமகன் மஜீட் செங்கலடிச் சந்தையில் புடவை விற்பவன். கெட்ட பிள்ளை என்று சொல்ல ஏலாது. ஆனாலும் காக்கா ஆசுபத்திரியால் வந்த அன்று, முன்வீட்டிலிருந்து வந்த சோற்றுக் கோப்பையை அவர் பெண்சாதி கைறுன்னிஸா ராத்தா கையாலும் தொடவில்லை.

“கொண்டு போ மகள். என்ட ரெண்டு கண்ணும் பத்து விரலும் இரிக்கிற மட்டும் இந்த அடுப்பு எரியும்.”

அது வெறும் பேச்சில்லை. ராத்தா இழைக்கும் பன்பாய்க்கு ஏறாவூர் வரைக்கும் பெயர் இருந்தது. சதுப்பில் அறுத்த பன்புல்லைக் காயவைத்து, சிவப்பும் கறுப்பும் பச்சையும் சாயம் அவித்து, தாழங்காய்ப் பூவும் மயில்கழுத்துக் கோலமுமாக இழைப்பார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை இருக்கும் பாய் அவருடையதாக இருக்கவேண்டும் என்று சொல்லி வைத்துப்போவார்கள். கூப்பன் அரிசியும் மரவள்ளியும் அந்தப் பாய்களில்தான் வந்தன. காக்கா சாப்பிடும்போது தலை நிமிர்த்தமாட்டார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது காக்கா கொட்டிலின் தாழ்வாரத்தில் குந்தியிருந்து நிலத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், குழியில் நட இரண்டு கட்டையான மரக்கால்கள். துரு ஏறிய இரண்டு இரும்பு முனைகளை மண்ணெண்ணெய்ச் சீலையால் துடைத்து வைத்திருந்தார்.

“என்ன காக்கா, வேலி போடப்போறீங்களா?”

“வேலி இல்லடா அழகு. கடைசல் மரம்.”

“உங்களுக்கு கடைசல் தெரியுமா? பதினொரு வருசமா ஒரு சொல்லுச் சொல்லல்லியே!”

“தெரிஞ்சாத்தானே சொல்ல. பதினெட்டு வயசுல கல்முனையில ஒரு கட்டில்காரருட பட்டறையில ரெண்டு மாசம் நிண்டன். உளி பிடிக்கத் தொடங்க வாப்பா மௌத்தாகிட்டாரு. ஊருக்குக் கிறுகி வந்து வாளப் பிடிச்சன். இந்த முனை ரெண்டையும் அந்த மனிசன் தந்துவிட்டவரு. கூரைக்க செருகி வெச்சன். இருபத்தாறு வருசம்.”

உள்ளே பாய்க்கு முன்னால் இருந்த ராத்தா தலையைத் திருப்பாமலே சொன்னார்:

“ரெண்டு மாசம் படிச்சத இருபத்தாறு வருசத்துக்குப் பொறகு நினைச்சிக் கடையப்போறாராம் தம்பி. நேத்துத் திண்ட கறி என்னெண்டு கேளுங்க, மறந்திருப்பாரு.”

“கறி எங்க இருந்த, நினைக்க?”

“அதுவும் சரிதான்.”

மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டுக் கன நாள்.

“என்னத்தக் கடையப்போறீங்க காக்கா?”

“ஒண்டுமில்ல. சும்மா உருட்டிப் பாக்கத்தான். நீயும் நானும் என்னடா செஞ்சம் இவ்வளவு காலமும்? உருண்டையா நிண்ட மரத்தையெல்லாம் சதுரமாக்கினம். ஒரு நாளைக்காவது ஒண்ட உருண்டையாக்கினமா?”

கல்முனையில் அவர் பழகியது காலால் மிதிக்கும் மரம். மேலே வளைந்த மூங்கில், கீழே மிதிபலகை. இப்போது மிதிக்கக் கால் இல்லை. ஆகவே கயிறு இழுக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கட்டையை இரண்டு முனைகளுக்கும் நடுவில் இறுக்கி, மாட்டுத்தோல் கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, எதிரே இருப்பவர் இரு நுனிகளையும் இரு கையில் பிடித்து மாறி மாறி இழுக்கவேண்டும். ஒரு இழுப்புக்குக் கட்டை கடைபவரின் பக்கம் சுற்றும். அப்போது உளி வெட்டும். மறு இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போது உளியை விலக்கிப் பிடிக்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் இழுத்தேன். மற்ற நாட்களில் பின்னேரம் அசர் தொழுதபின் ராத்தா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து எதிரே குந்துவார்.

முதலில் ஒன்றும் சரிவரவில்லை. உளி கொத்திக்கொண்டு கட்டை தெறித்துப் பறக்கும். விலக்கவேண்டிய நேரத்தில் விலக்க மறந்துவிடுவார். ஒரு நாள் கட்டை எகிறி முன்வீட்டுக் கோழியில் பட்டு, ஸகியா வாசலில் நின்று கத்தினாள்.

“வாப்பாக்குத்தான் வேலையில்ல. உம்மாக்குமா இல்ல? அங்க பாய் கெடக்க, இஞ்ச பம்பரம் விடுறீங்களா ரெண்டு பேரும்?”

“வாப்பாட மூஞ்சப் பாரு மகள்,” என்றார் ராத்தா. “கால் போனதுக்குப் பொறகு இப்பதான் மனிசன்ட மூஞ்சா இரிக்கு. ஒள்ளுப்ப நேரம் இழுத்தாக் கை தேயாது.”

வைரமான மரம் அவருடைய கைக்குப் பிடிபடவில்லை. முதிரைத் துண்டு உளியின் வாயை மழுக்கியது. பாலை அதைவிட மோசம். மென்மையான மரம் வேண்டும் என்று அலைந்தார். பூவரசங்கொம்புகள் அவரவர் வேலியில் நின்றன. ஆட்டுக்குக் குழை என்று யாரும் தரவில்லை. காட்டுக்குப் போகப் பாஸ் வேண்டும். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். ஆறு என்றுதான் வாவியை நாங்கள் சொல்வது. மாரி வெள்ளத்தில் சாய்ந்து, வேர் பாதி மேலே தெரிய, ஒரு தில்லை கிடந்தது. காக்கா கம்பை ஊன்றி நின்றுவிட்டார்.

“அழகு, அந்த அடியப் பாரு. நேரா இரிக்கு. உள்ளுக்க வெண்ணெ மாதிரி வெள்ளை.”

“தில்லை காக்கா அது.”

“தெரியும்.”

“பால் பட்டாக் கண்ணக் குடிக்கிற மரம். வலைகாரர் அதுல தோணியும் கட்டமாட்டான். விறகுக்கும் ஆகா, அதுட புகையே கண்ணக் கெடுக்கும்.”

“பச்சையில அப்படித்தான். மரம் தாழ்க்கிற வேல உனக்கு நான் சொல்லித் தரவேணுமா? எத்தின மரத்த ஆத்துச் சேத்துக்க தாட்டு எடுத்திரிக்கம்? மூணு மாசம் கிடந்தா எந்த மரத்துட பாலும் முறிஞ்சிரும். உப்புத் தண்ணி விடுமா?”

எங்கள் தொழிலில் அது உண்மை. பால் வற்றவும் புழு விழாமல் இருக்கவும் வெட்டிய மரத்தைச் சேற்றுக்குள் தாழ்த்தி வைப்போம். மூன்று மாதம் கணக்கு. ஆனால் யாரும் தில்லையைத் தாழ்த்திப் பார்த்ததில்லை. அரியும் பள்ளத்துக்குத் தில்லை ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் கணக்கு மற்ற மரங்களுக்கானது. அதை யோசிக்கும் புத்தி எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அல்லது எனக்கு இருந்ததோ என்னவோ. அவர் அந்த அடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையைக் கண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

முகத்தைச் சீலையால் சுற்றி, கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு நான்தான் தறித்தேன். ஒரு முழத் துண்டுகளாக நாலு. பட்டையை அங்கேயே சீவி ஆற்றில் விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் சேற்றுக்குள் அமுக்கி, மேலே கண்டல் முளைகள் அடித்தேன். கரையில் இருந்த காக்கா நான் ஏறி வந்ததும் சொன்னார்:

“ராத்தாக்குச் சொல்லாத. பேரக் கேட்டா கயித்தத் தொடமாட்டா. பூவரசு என்டு சொல்லுவம்.”

“உங்கட பெண்சாதி, உங்கட மரம். எனக்கென்ன?” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன்.

ஆடி மாதத்தில் எடுத்தோம். மணத்துப் பார்த்தேன், சேற்று நாற்றம் மட்டும் இருந்தது. வெயிலில் பத்து நாள் போட்டார். மேற்புறம் காய்ந்து சுண்ணாம்பு போல வெளுத்தது. நகத்தால் கீறினால் பால் வரவில்லை. காக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. நான் பள்ளத்துக்குள் நின்றேன். நடந்ததைப் பிறகு இருவரும் சொல்லக் கேட்டதுதான்.

அன்று அசர்வரை பொறுக்காமல் காலையிலேயே கட்டையை முனைகளில் இறுக்கி, ராத்தாவைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தார் காக்கா. மரவள்ளிக் கிழங்கு சீவுவது போல உளி ஓடியதாம். வெள்ளைச் சுருள் சுருளாக மடியில் விழுந்ததாம். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு முதல்முறை உளி கொத்தாமல் ஒரு கட்டை உருண்டையாக வந்தது. காக்கா அதன் நடுவில் ஒரு இடையை இறக்கத் தொடங்கினார். உளி ஆழப் போனது. உள்மரம் காயவில்லை. அவர் பக்கம் சுற்றும்போது வெட்டியது. ராத்தாவின் பக்கம் சுற்றும்போது உள்ளேயிருந்த ஈரம் தெறித்தது.

“என்னமோ கண்ணுக்க தெறிச்சிட்டுங்க.”

“தூள்தான் புள்ள. துடைச்சிட்டு இழு. இன்னும் ரெண்டு சுத்து.”

ராத்தா முக்காட்டு நுனியால் துடைத்தார். அந்த நுனியிலும் அது தெறித்திருந்தது. இரண்டு சுற்று இழுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தார். அதன்பிறகுதான் கயிற்றைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினாராம்.

நான் வேலை விட்டுப் போகும் வழியில் அங்கே நுழைந்தபோது பொழுது சாயவில்லை. ராத்தா நிலத்தில் கிடந்தார். இரண்டு இமையும் வீங்கி, ஈச்சம்பழம் போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஸகியா சீலையைச் சூடாக்கி ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன நடந்த?”

“மரத்தூள் பட்டிட்டாம் மாமா. பூவரசந்தூள். முருங்கையிலைச் சாறு விட்டன், கூடுதலா எரியுது என்டு கத்துறா.”

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் கடைசல் மரத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவருடைய விரலிடுக்குகள் சிவந்து கொப்புளித்திருந்தன. கையை மடிக்குள் மறைத்தார். அவர் சொல்வார் என்று நான் நின்றேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்தார். ஸகியா சீலையை மறுபடி நெருப்பில் காட்டினாள். இரண்டாவது ஒற்றடம், மூன்றாவது ஒற்றடம். ஒவ்வொரு ஒற்றடத்துக்கும் ராத்தாவின் கால் நிலத்தில் உதைத்துக்கொண்டது.

“சூடு வைக்காத மகள்,” என்றேன். “அது பூவரசு இல்ல. தில்லை.”

ஸகியா சீலையைக் கீழே போட்டாள். தகப்பனைப் பார்த்தாள்.

“வாப்பா?”

காக்கா கையை மடிக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார்.

“வாப்பா, பகல் லுகர் பாங்குக்கு முந்தி பட்டது. நீங்க இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

தண்ணீர் வார்த்துக் கழுவினோம். குடம் குடமாக வார்த்தோம். தில்லைப் பாலுக்குத் தாய்ப்பால்தான் மருந்து என்று பரியாரி சொல்லியனுப்பினார். ஆரையம்பதிக்கு ஓடினேன். என் பெண்சாதி அன்னப்பூரணிக்கு அப்போது நாலு மாதப் பிள்ளை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகநடையாக வந்தாள். வழியில் சொன்னேன். அவள் நடந்துகொண்டே கேட்டாள்: “சித்திரையில உங்கட கையில வந்த கொப்புளம் அதுதானா?”

ஆண்கள் வெளியே நின்றோம். உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் கேட்டது:

“போதும் அன்னம். புள்ளைக்கு மிச்சம் வையிகா.”

“கதைக்காமக் கிடவுங்க ராத்தா. கண்ணத் திறவுங்க. இன்னும் திறவுங்க.”

மூன்று நாள் அவள் போய் வந்தாள். மூன்றாம் நாள் வலது கண்ணின் கறுப்பு, அவித்த முட்டைபோல வெளுத்துவிட்டது. மாட்டு வண்டியில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். எப்போது பட்டது, எப்போது கழுவினீர்கள் என்று கேட்டார். மஜீட் சொன்னான். டொக்டர் விளக்கை அணைத்தார். பட்ட கையோடு கழுவியிருந்தால் ஒரு கண்ணாவது தப்பியிருக்கும் என்றார். காக்கா வண்டியை விட்டு இறங்கியிருக்கவில்லை. திரும்பி வந்து நான் அதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் மறைக்க எனக்கு ஏலாமல் இருந்தது.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆள் வந்தால் ஆள் என்று தெரியும். யார் என்று தெரியாது.

முன்வீட்டு அடுப்பிலிருந்து இருவருக்கும் சோறு வரத்தொடங்கியது. ராத்தா மறுக்கவில்லை. மறுத்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்னம் ஒரு நாள் வந்து சொன்னாள்: “கோப்பையில பாதிதான் திங்கிறா. மிச்சத்த அப்படியே மூடி வைக்கிறா. கடனுக்குத் தின்னுற மாதிரி.” காக்காவோடு அவர் பேசுவதை யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் ராத்தா ஒரு பாய் தொடங்கினார். விரலுக்கு இழை தெரியும், நிறம் தெரியாது. பன்னை நிறம் நிறமாகப் பிரித்து, வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் கறுப்பு என்று ஸகியா வைத்துவிட்டுப் போனாள். இடையில் கோழி ஏறி மிதித்துக் கலைத்துவிட்டதை ராத்தா அறியவில்லை. பன்னிரண்டு நாள் இழைத்தார். பாய் கேட்டிருந்த பெண் வந்து விரித்து, நிறம் மாறிப்போன கோலத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “பரவால்ல ராத்தா. மேல ஒரு துப்பட்டி விரிச்சா விளங்காது,” என்றாள். எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லி அவள் போனதும் ராத்தா பாயை விரலால் தடவினார். விரலுக்குக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. இழை ஒவ்வொன்றும் நேராகத்தான் இருந்தது. அந்தப் பாயைச் சுருட்டி மகளிடம் கொடுத்தார்.

“ஆட்டுக்குப் போடு.”

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது காக்கா கோடரியோடு கடைசல் மரத்துக்கு முன்னால் நின்றார். கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் காலில், சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். முதல் வெட்டு மரக்காலின் தலையில் விழுந்தது. பலமில்லாத வெட்டு. உள்ளேயிருந்து ராத்தா கேட்டார்:

“அது என்ன சத்தம்?”

“உடைக்கிறன்.”

“என்னத்த?”

“இந்த ஹராமான மரத்தத்தான்.”

ராத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் நிழல் தெரிந்திருக்கவேண்டும்.

“அவடத்த நிக்கிறது தம்பியா?”

“ஓம் ராத்தா.”

“நல்லம். ரெண்டு பேரும் இரிக்கிறீங்க. ஒண்டு கேக்கணும்.” காக்காவின் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “அது தில்லை என்டு உங்களுக்கு முதலே தெரியுமா?”

“தெரியும்.”

“தம்பிக்கு?”

“நான்தான் ராத்தா தறிச்ச.”

“கண்ணுக்க தெறிச்சிட்டு என்டு நான் சொல்லக்குள்ள, இன்னும் ரெண்டு சுத்து இழு என்டு சொன்னீங்க. அப்பயும் தெரியும்?”

காக்கா கோடரியைக் கீழே இறக்கினார்.

“பால் முறிஞ்சிட்டு என்டு நினைச்சன் கைறு. அல்லாவுக்காகச் சொல்றன். அவ்வளவு அழகா வந்திச்சி. நிப்பாட்ட மனசு வரல்ல.”

“பொறகு நான் கிடந்து துடிக்கக்குள்ள? அப்ப என்னத்துக்கு வாய் திறக்கல்ல?”

“வெக்கம்,” என்றார் காக்கா. மறுபடியும் சொன்னார்: “வெக்கமாப் போச்சி.”

முன்வீட்டில் ஸகியா மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டது. ராத்தா தரையில் கையால் துழாவிக்கொண்டு வந்து கடைசல் மரத்தைத் தொட்டார். இரும்பு முனை இரண்டையும் தொட்டார். கோடரி விழுந்த இடத்தைத் தடவினார்.

“உடைச்சா உங்களுக்கு லேசாகிரும். எனக்கு என்ன கெடைக்கும்?”

“கைறு…”

“அந்த நெசவுத்தெரு இப்றாஹிம் காக்கா கேட்டவராமே, கப்பல் வராததால நூல் சுத்துற குழல் இல்ல, தறி நிக்குது என்டு. நீங்க கடையுற கதையக் கேட்டுத்தானே வந்தவரு. எனக்குக் கண் தெரியாட்டிக் காதும் கேளா என்டு நினைச்சீங்களா?”

“எனக்கு ஏலா. அந்தக் கயித்தப் பாக்கவே ஏலா.”

“நான் பாக்கவா போறன்? இழுக்கப் போறன்.” குரல் உயரவில்லை. “மகள்ட சோறு எனக்குத் தொண்டைக்குள்ள இறங்குதில்ல. எனக்குப் பாய் இல்ல இனி. உங்களுக்கு வாள் இல்ல. இந்தக் குழியில இரிக்கிறதுதான் மிச்சம். குந்துங்க.”

“இண்டைக்கா?”

“இண்டைக்குத்தான். தம்பி, அந்த வேலியில இரிக்கிற பூவரசங்கொப்ப மருமகனிட்டக் கேட்டு வெட்டித் தாங்க. வெட்டினா முதல்ல என்ட கையில தரணும்.”

வெட்டிக் கொடுத்தேன். பட்டையைக் கிள்ளி மணத்தார். கடித்துப் பார்த்தார். “என்ன மரம்?” என்று கேட்டார். அது என்ன மரம் என்று அவருக்குத் தெரியும். காக்கா வாயால் சொல்லும்வரை கயிற்றைத் தொடவில்லை.

“பூவரசு,” என்றார் காக்கா.

அன்று தொடங்கி ஒவ்வொரு கட்டைக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

குழல் என்பது விரல் நீளத்தில் இரண்டு விரல் தடிப்பான ஒரு சாமான். அதில் அழகு பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சிம்பு நின்றாலும் நூல் அறுந்துபோகும். முதல் கிழமையில் கடைந்த முப்பதில் நாலுதான் தேறின. தேறியதா இல்லையா என்று பார்த்தது ராத்தா. கடைந்த குழலை வாங்கி, ஒரு நூலை அதன் மேல் போட்டு மெதுவாக இழுப்பார். நூல் தடக்கினால் பக்கத்திலிருந்த அடுப்புக்குள் போட்டுவிடுவார். அது சரிதான், பார்த்தால் வழவழப்பாக இருக்கிறது என்று காக்கா சொன்னால், “பாக்கிறவங்க எல்லாம் சரியெண்டுதான் சொல்லுவாங்க,” என்பார். அடுப்பு எரிந்தது. அந்த அடுப்பில்தான் கார்த்திகை தொடங்க, குழல் விற்ற காசில் தங்கள் கஞ்சியைத் தாங்களே காய்ச்சினார்கள்.

மாரி பிடித்துக்கொண்டது. பள்ளத்துக்குள் தண்ணீர் நின்றதால் அரிவு வேலை இல்லை. ஒரு நாள் காலையில் போனேன். தாழ்வாரத்தில் மழைச்சாரல் அடிக்காமல் இருக்க ஓலைத்தட்டி கட்டியிருந்தார்கள். இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். கயிறு போய் வந்துகொண்டிருந்தது. காக்காவின் கை நன்றாகத் திருந்தியிருந்தது. விலக்கவேண்டிய நேரத்தில் உளி தானாக விலகியது. ராத்தாவின் இமைகள் மூடியிருந்தன. வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் கயிற்றுச் சத்தம் தவிர வேறு பேச்சில்லை.

நான் ஒதுங்கி இருந்து வெற்றிலை மடித்தேன். காக்கா ஒரு குழலை முடித்தார். முடித்தபிறகும் உளியை எடுக்கவில்லை. அதன் நுனியோரமாக, நூல் படாத இடத்தில், உளியின் மூலையை ஒருமுறை தொட்டு எடுத்தார். சிறிது தள்ளி இன்னொருமுறை தொட்டார். இரண்டு கீறலுக்கும் நடுவில் கடுகு மாலை போல மெல்லிய வளையம் ஒன்று எழும்பி நின்றது. அவர் முகம் அந்த நேரத்துக்கு மாறியிருந்தது. சித்திரையில் ஆற்றங்கரையில் நான் கண்ட முகம். பிறகு குழலைக் கழற்றி ராத்தாவின் கையில் வைத்தார்.

ராத்தா நூலைப் போட்டு இழுத்தார். தடக்கவில்லை. குழலை விரலால் உருட்டினார். விரல் குழலின் நுனியோரத்துக்கு வந்து நின்றது.

“இது என்ன?”

“ஒண்டுமில்ல. வளையம்.”

“இப்றாஹிம் காக்கா கேட்டவரா?”

“இல்ல.”

“நூலுக்கு வேணுமா?”

“வேணாம்.”

“அப்ப?”

காக்கா மழையைப் பார்த்தார்.

“சும்மா வெச்சன். கை தன்ட பாட்டுல போச்சி.”

ராத்தா வளையத்தின் மேல் விரலை வைத்தபடி இருந்தார். ஒருமுறை சுற்றித் தடவினார். இன்னொருமுறை தடவினார். சரியான வட்டமாக வந்திருக்கவேண்டும். விரல் எங்கும் தட்டுப்படாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குழலைக் காக்காவின் பக்கம் நீட்டினார்.

“சீவுங்க.”

காக்கா குழலை முனைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினார். ராத்தா கயிற்றைச் சுற்றி, இரு நுனியையும் கையில் எடுத்து இழுத்தார். உளி பட்டது. வளையம் தூளாகி, மழை ஈரத்தோடு நிலத்தில் ஒட்டிக்கொண்டது.